நுரை எழக் கூடாது

அயன் சேனல்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் காலையிலிருந்து மாலை வரை பேச்சு சோப்பைப் பற்றித்தான். எந்தச் சோப்பு, எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம். மருந்து நிறுவனங்களுக்காகப் புரதம் தயாரித்துக் கொடுக்கும் பெங்களூரு ஆய்வகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சவ்வுப் புரதப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் நாகர்கோவில்காரர், முனைவர் பட்டம் முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவர். அவருடைய உதவியாளர் தும்கூர்ப் பக்கத்து இளைஞர், அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். மனித நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்களில் இருக்கும் கேவி 1.3 என்ற பொட்டாசியம் சேனலைப் பிரித்தெடுத்து, அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாக்கக் கொடுப்பதுதான் அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்த வேலை.

நம் செல்கள் ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டடுக்குக் கொழுப்புச் சவ்வு இருக்கிறது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். மின்னூட்டம் கொண்ட சோடியமோ பொட்டாசியமோ கால்சியமோ கொழுப்பைத் தாண்டிப் போக முடியாது. சவ்வின் குறுக்கே நிற்கும் சில புரதங்களின் நடுவில் உள்ள துளைதான் அவற்றுக்கு வழி. அந்தப் புரதங்களே அயன் சேனல்கள். நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அத்தனை மெல்லிய சவ்வின் குறுக்கே அது மீட்டருக்குச் சுமார் 1.4 கோடி வோல்ட் என்ற கணக்கில் அழுத்துகிறது. சில சேனல்களில் மின்னூட்டம் பெற்ற புரதக் கைகள் உண்டு. அழுத்தம் மாறியதும் அவை நகரும், துளை திறக்கும். எல்லாம் மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து இதற்கான சமன்பாடுகளை 1952-இல் எழுதியபோது சேனலின் உருவத்தை யாரும் பார்த்திருக்கவில்லை.

பார்க்க 1998 வரை ஆயிற்று. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் சேனலை ரோடரிக் மக்கினன் குழு படிகமாக்கி, அதன் உருவத்தை வெளியிட்டது. 2003-இல் நோபல் பரிசு வந்தது. அந்த உருவத்தில் என்னை விடாமல் பிடித்திழுப்பது துளையின் மிகக் குறுகலான பகுதி. தண்ணீரில் பொட்டாசியம் அயன் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைத் திரட்டி வைத்திருக்கும். துளைக்குள் நுழைய அவற்றை உதற வேண்டும், உதறுவதற்கு ஆற்றல் செலவாகும். குறுகலில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், நீர் இருந்த அதே தூரத்தில் நின்று, அந்தச் செலவை ஈடுகட்டிவிடுகின்றன. சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது. இருந்தும் அதனால் போக முடிவதில்லை. ஆக்சிஜன்கள் அதற்கு எட்டாத தூரத்தில் இருப்பதால், நீரை உதறிய நஷ்டத்தை ஈடுகட்ட அங்கே யாருமில்லை. சோடியத்தை இவ்வளவு கறாராக ஒதுக்கிக்கொண்டே விநாடிக்குப் பத்துக் கோடி வரை பொட்டாசியம் அயன்களை அந்தத் துளை விடுகிறது.

கேவி 1.3 துளையை அடைத்தால், உடலையே தாக்கும் ஒருவகை டி-செல்களின் வேகத்தைத் தணிக்கலாம். ஆனால் மின்னழுத்தம் உணரும் பொட்டாசியம் சேனல்களுக்கு மட்டும் மனிதரில் 40 மரபணுக்கள் உள்ளன. சிறு வேதி மூலக்கூறு, ஒரு சேனலைத் தடுக்கப் போய், மூளையிலோ இதயத்திலோ இருக்கும் அதன் உறவுக்காரச் சேனலையும் பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடி அப்படிப்பட்டதல்ல, வெளிப்புறத்தில் உள்ள சிறு வேறுபாட்டையும் அடையாளம் காணும். அப்படியிருந்தும், அயன் சேனலைக் குறிவைத்த ஆன்டிபாடி மருந்து எதுவும் இதுவரை சந்தைக்கு வந்துவிடவில்லை. சேனலின் பெரும்பகுதி சவ்வுக்குள்ளும் செல்லுக்குள்ளும் மறைந்திருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை சில குட்டி வளைவுகளே. எலிக்கும் மனிதனுக்கும் அவை ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், ஆன்டிபாடிக்காக எலிக்குச் செலுத்தினாலும் அதன் உடல் அவற்றை அந்நியமாகவே எண்ணுவதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, செல்லை விட்டு வெளியே எடுத்த சேனல் சவ்வுக்குள் இருந்த உருவத்தில் இருக்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. என் கணிப்பில் இந்தத் துறையின் வெற்றி தோல்வி அங்கேதான் தீர்மானமாகிறது.

முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. 1973-இல் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் மின்சார விலாங்கிலிருந்து பிரித்த அசிட்டைல்கோலின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அந்த ஏற்பியும் ஒரு அயன் சேனல்தான். முயல்கள் அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கின. அவை முயல்களின் சொந்தத் தசைகளில் இருந்த சேனல்களையும் பிடித்துக்கொண்டதால் முயல்கள் துவண்டு விழுந்தன. தசைச் சோர்வுக்குக் கொடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் தற்காலிகமாகத் தேறின. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயின் காரணம் அப்படித்தான் துலங்கியது. விலாங்கின் மின் உறுப்பில் அந்தப் புரதம் அடர்ந்து குவிந்திருக்கும். கேவி 1.3-க்கு அப்படியொரு சுரங்கம் கிடையாது. வளர்த்த செல்களில் உண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். “ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கெடைச்சா அன்னைக்கு நல்ல நாள்,” என்றார் நாகர்கோவில்காரர்.

செல்கள் கண்ணாடிக் குடுவைகளில் 37 டிகிரியில் ஆடிக்கொண்டிருக்கும். ஹெக் 293 என்ற வகை, 1973-இல் நெதர்லாந்தின் லெய்டனில் உருவாக்கப்பட்ட வம்சம். சேனலின் மரபணுவை வைரஸ் வழியாக உள்ளே அனுப்பிய பிறகு வெப்பத்தை 30 டிகிரிக்குக் குறைக்கிறார்கள். உற்பத்தி மெதுவாக நடந்தால்தான் புரதம் ஒழுங்காக மடியும் என்பது அவர்கள் அனுபவம். சேனலோடு பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை வால்போல ஒட்டியிருப்பதால் நீல விளக்கடியில் குடுவை ஒளிர்கிறதா என்று பார்த்தே விளைச்சலைச் சொல்லிவிடுகிறார்கள்.

செல்களை உடைத்து, புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றினால் சவ்வுகள் குழாயின் அடியில் படிகின்றன. பழுப்பாக, கண்ணாடித் தன்மையோடு, பிசுபிசுவென்று இருக்கும் அந்தப் படிவை எடுத்துத் தடித்த கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, கண்ணாடித் தண்டால் மேலும் கீழும் தேய்த்துக் கரைப்பது தும்கூர் இளைஞரின் வேலை. நாலு டிகிரி குளிரறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவர் அதைச் செய்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டைக் கீழே அழுத்தும்போது ஒரு சீரான வேகம், மேலே இழுக்கும்போது அதைவிட மெதுவாக. தண்டின் நுனி திரவத்தின் மேல்மட்டத்தைவிட்டு ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

“நுரை வந்துட்டா அவ்ளோதான் சார். காத்தும் தண்ணியும் சேர்ற எடத்துல புரதம் போய் ஒட்டிக்கும், அப்படியே விரிஞ்சு போயிடும்,” என்றார். அதன் பிறகுதான் சோப்பு. அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது டோடெசில் மால்டோசைடு. தலையில் சர்க்கரை, வாலில் பன்னிரண்டு கார்பன் கொண்ட கொழுப்புச் சங்கிலி. சவ்வைக் கரைத்து, சேனலின் இடுப்பைச் சுற்றி அந்த வால்கள் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் சேனலோடு ஒட்டியிருந்த கடைசிக் கொழுப்பும் உரிந்துபோகும். அதை ஈடுகட்டக் கொலஸ்ட்ரால் வகை ஒன்றையும் சேர்க்கிறார்கள். சுவரிலிருந்து கதவை நிலையோடு பெயர்த்தெடுப்பது மாதிரியான வேலை இது. நிலை ஒருபக்கம் சாய்ந்தாலும் கதவு கதவாக இருக்காது.

சாய்ந்ததற்குச் சாட்சியும் உண்டு. 2003-இல் மக்கினன் குழு கேவிஏபி என்ற மின்னழுத்தச் சேனலை ஆன்டிபாடித் துண்டுகளின் துணையோடு படிகமாக்கி வெளியிட்டது. அந்தப் படிகத்தில் மின்னழுத்தத்தை உணரும் கைகள், மற்றவர்களின் சோதனைகள் சொன்ன இடத்தில் இல்லை. கடுமையான விவாதம் எழுந்தது. சவ்வு இல்லாதபோது அந்தக் கைகள் இயல்பான இடத்தில் நிலைப்பதில்லை என்பது பிறகு அந்தக் குழுவின் சொந்த ஆய்விலேயே தெளிவானது. அத்தனை தேர்ந்த கைகளிலேயே சேனல் உருவம் குலைந்தது என்றால், குளிரறையில் நிற்கும் இவர்கள் நுரைக்குப் பயப்படுவதில் என்ன மிகை?

பிரித்தெடுத்த புரதத்தை ஒரு நெடுங்குழாய் வழியாக ஓட விடுகிறார்கள். அளவில் பெரியவை முதலில் வெளியேறும். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். சுமார் 8 மில்லிலிட்டர் திரவம் வெளியேறிய கட்டத்தில் முகடு எழுந்தால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. 13-ஐ ஒட்டிக் கூர்மையாக எழுந்தால் அது சேனலை ஆக்கும் நான்கு துண்டுகளும் சேர்ந்த முழு உருவம். நாகர்கோவில்காரர் முகட்டைப் பார்ப்பதே இல்லை, அதன் இடது சரிவைப் பார்க்கிறார். அங்கே சின்னதாக ஒரு தோள் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுவார். விளைச்சலில் கால்வாசி போனாலும் கவலைப்படுவதில்லை.

மிஞ்சியதை நானோடிஸ்க்கில் ஏற்றுகிறார்கள். ஒரு புரதப் பட்டை, அதற்குள் சுமார் 10 நானோமீட்டர் அகலத்தில் ஒரு வட்டக் கொழுப்புத் துண்டு, அதன் நடுவில் சேனல். சோப்பை உறிஞ்ச வெள்ளை மணிகளைப் போட்டுச் சுழற்றுகிறார்கள். சோப்பு விலக விலகக் கொழுப்பு தானாகச் சேனலைச் சுற்றி அமர்கிறது. உருவம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கக் கரீபியன் கடலில் வாழும் ஒரு கடல் சாமந்தியின் நஞ்சை வைத்திருக்கிறார்கள். 35 அமினோ அமிலங்கள் கொண்ட அது கேவி 1.3-இன் வெளிவாயில் கச்சிதமாகப் பொருந்தும். தயாரித்த சேனலை நஞ்சு பிடித்துக்கொண்டால் வாய் சிதையவில்லை. பிடிக்காவிட்டால் அந்தத் தயாரிப்பு முழுவதும் குப்பைக்குப் போகும். இந்த ஒரு சோதனைக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. அளவு காட்டி அனுப்பிவிடுவது சுலபம், கேட்ட நிறுவனம் உடனே கண்டுபிடிக்கவும் முடியாது.

அவர்கள் அனுப்பும் சேனல் கோழிகளுக்குப் போகிறது. பாலூட்டிகளும் பறவைகளும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. எலி கண்டுகொள்ளாத வளைவைக் கோழியின் உடல் அந்நியமாக எண்ணும். கோழிகளையும் லாமாக்களையும் கொண்டு கேவி 1.3-ஐத் தடுக்கும் ஆன்டிபாடிகளை ஒரு குழு 2018-இல் பெற்றிருக்கிறது. ஆகவே வழி இருக்கிறது. எச்சரிக்கையும் இருக்கிறது. வலியைக் கடத்தும் நேவி 1.7 சோடியம் சேனலின் ஒரு சிறு துண்டைக் காட்டி உருவாக்கிய ஆன்டிபாடி வலியைத் தடுப்பதாக 2014-இல் அறிவிப்பு வந்தது. 2016-இல் இன்னொரு குழு அதே வரிசையைக் கொண்டு அதை மறுபடி உருவாக்கிச் சோதித்தபோது சேனல் தடுக்கப்படவில்லை.

மாடியில் பேட்ச் கிளாம்ப் அறை. நேரும் சாக்மனும் 1976-இல் காட்டிய முறை. நுனி ஒரு மைக்ரான் அகலமுள்ள கண்ணாடிக் குழலைச் செல்லின் தோல்மேல் வைத்து உறிஞ்சி ஒட்டவைத்து, சேனல் வழியாகப் பாயும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். பிரித்தெடுத்த புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் ஏராளமாக வரும். உயிருள்ள செல்லின்மேல் இருக்கும் சேனலைப் பிடிப்பவை குறைவு. பிடிப்பதோடு மின்னோட்டத்தையும் குறைப்பவை அதிலும் சொற்பம். அங்கிருந்த பெண் முதலில் சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். கோடு அசையக் கூடாது, அசையவில்லை. பிறகுதான் சோதிக்க வேண்டியதைச் செலுத்தினார். அதற்கும் அசையவில்லை.

அந்தச் செய்தி கீழே வந்ததும் நாகர்கோவில்காரர் குறிப்பேட்டைத் திறந்து, அந்தக் கோழிகளுக்கு எந்த நாள் தயாரிப்பு போனது என்று தேடினார். நஞ்சுச் சோதனையில் தேறிய தயாரிப்புதான், ஆனால் சரிவில் ஒரு சிறு தோள் இருந்திருக்கிறது. அடுத்த முறை கொலஸ்ட்ரால் வகையை இரட்டிப்பாக்கி, நானோடிஸ்க்கில் வேறு கொழுப்புக் கலவை போடலாமா என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள்.