53 மீட்டர்... 50 வார்த்தை... 48 மணி நேரம்!

கிரிக்கெட் பிட்ச் எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியும். 22 கெஜம். அந்த மாதிரி இரண்டரை பிட்ச்சை வரிசையா போட்டா எவ்வளவு நீளமோ, அதைவிட நீளமான லாரி ஒண்ணு எதிர்ல வந்தா எப்படி இருக்கும்? ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இது தினசரிக் காட்சி. பெயர், 'ரோட் ட்ரெயின்'. முன்னால ஒரு லாரி, பின்னால ரயில் பெட்டி மாதிரி மூணு நாலு டிரெய்லர். 53.5 மீட்டர் நீளம் வரைக்கும் சட்டப்படியே ஓட்டலாம். ஓவர்டேக் பண்ணணும்னா ரொம்பப் பொறுமை வேணும் பாஸ்!

ஏன் இவ்வளவு நீளம்? மேப்பைப் பாருங்க. தெற்கே அடிலெய்டு, வடக்கே டார்வின். நடுவில் சுமார் 3,000 கி.மீ. கன்னியாகுமரியில் கிளம்பினா டெல்லியைத் தாண்டிடலாம். ஆனா, இங்கே வழியில் மதுரை, ஹைதராபாத், நாக்பூர்னு எதுவும் கிடையாது. கூபர் பீடின்னு ஒரு ஊர் வரும். ஓப்பல் கல் தோண்டுற ஊர். வெயிலுக்குப் பயந்து வீட்டையே பூமிக்கு அடியில் குடைஞ்சு வெச்சிருக்காங்க. அங்கே வந்து சேர்ந்த செர்பியர்கள் கட்டின சர்ச்கூட பாறைக்குள்ளதான். அப்புறம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். மிச்சமெல்லாம் சிவப்பு மண். ஒரே டிரைவர், ஒரே ட்ரிப், முடிஞ்ச அளவு லோடு... இந்தக் கணக்குதான் ரோட் ட்ரெயின்.

சரி, லாரிக்கு முன்னாடி இந்த லோடையெல்லாம் யார் சுமந்தாங்க? ஒட்டகம்!

1860-ல் ஒரு ஆய்வுப் பயணத்துக்காக கராச்சியிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டு வந்தாங்க. 1866-ல் தாமஸ் எல்டர் என்ற தொழிலதிபர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை இறக்கினார். கூடவே அதை ஓட்டத் தெரிஞ்ச ஆட்களையும். குதிரையும் மாடும் தண்ணியில்லாம தவிச்ச இடத்தில், ஒரு நல்ல ஒட்டகம் 600 கிலோ வரை சுமந்துட்டு நடந்தது. 1872-ல் முடிஞ்ச அடிலெய்டு - டார்வின் தந்திக் கம்பி வேலைக்கும், சுரங்கங்களுக்கும், தனியா கிடந்த ஆட்டுப் பண்ணைகளுக்கும் சாமான் போனது இவங்களாலதான்.

வந்தவங்க பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர்னு பல ஊர்க்காரங்க. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாக்காரங்க நிறையப் பேர். ஆனா எல்லாருக்கும் ஒரே பெயர், 'ஆப்கான்'. அதைச் சுருக்கித்தான் இன்னிக்கு அடிலெய்டில் இருந்து டார்வின் போற ரயிலுக்கு 'தி கான்'னு பெயர். கேட்க ஜோரா இருக்குல்ல? கொஞ்சம் பொறுங்க.

மாரீ என்ற சின்ன ஊரில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரங்க குடியிருப்பு. மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் ஆதிக்குடி மக்களும். அந்தப் பக்கத்தில்தான் மண்ணால் கட்டின ஒரு மசூதியும் பேரீச்சை மரங்களும். ஊருக்கே சரக்கு கொண்டு வந்தவங்களுக்குத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் இடம்.

1901-ல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையின் அஸ்திவாரம். அதில் ஒரு டிக்டேஷன் டெஸ்ட்! அதிகாரி ஐரோப்பிய மொழி ஒண்ணில் 50 வார்த்தை சொல்வார், தப்பில்லாம எழுதணும். இங்கிலீஷில் புலியா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எந்த மொழின்னு முடிவு பண்றது அதிகாரி. நம்ம யுனிவர்சிட்டி அரியரைக்கூட க்ளியர் பண்ணிடலாம், இதை முடியாது. ஃபெயிலாக்கவே வெச்ச பரீட்சை. பல வருஷம் அங்கே உழைச்ச ஒட்டகக்காரர், ஊரில் குடும்பத்தைப் பார்த்துட்டுத் திரும்பணும்னா, விலக்கு சான்றிதழ் வாங்கணும். அதில் அவர் போட்டோவும், உள்ளங்கை முழுசா மையில் தோய்ச்ச அச்சும் இருக்கும். குடியுரிமை? கேட்டவங்களுக்கும் மறுத்தாங்க.

1920-களில் லாரி வந்தது. ஒட்டகத்துக்கு வேலை போச்சு. 1925-ல் தெற்கு ஆஸ்திரேலியா, ஒட்டகங்களை அழிக்கவே ஒரு சட்டம் போட்டது. வளர்த்த கையால் சுட மனசு வராத பலர் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டாங்க. இன்னிக்கு அங்கே திரியும் காட்டு ஒட்டகங்கள் அதோட வாரிசுகள்தான். 1934-ல் அரசாங்கம் ரோட் ட்ரெயினைச் சோதிச்சது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ராணுவம் கழிச்ச வண்டிகளை வாங்கி, முன் சக்கரத் தடத்திலேயே பின்னால வர்ற டிரெய்லர்களைக் கட்டினார் கர்ட் யோஹன்சன். மெக்கானிக்கல் மக்களே, நோட் பண்ணிக்கோங்க!

டிக்டேஷன் டெஸ்ட் 1958-ல் ஒழிஞ்சது. 1973-ல் வெள்ளைக் கொள்கைக்கே முழுக்குப் போட்டாங்க. இன்னிக்கு அங்கே லாரி ஓட்டுறவங்களில் பஞ்சாபிகள் நிறைய. அன்னிக்கு ஒட்டகம் ஓட்டின அதே மண்ணின் பிள்ளைகள்! பலர் வந்து இறங்கினது ஸ்டூடன்ட் விசாவில்.

இப்போ நம்ம பாஷையில் ஒரு கணக்கு. 1 ஜூலை 2023 முதல், கிளாஸ் நடக்கும் நாட்களில் ஸ்டூடன்ட் விசாக்காரர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அடிலெய்டு - டார்வின் 3,000 கி.மீ. சராசரி 90 கி.மீ. வேகம்னு வெச்சாலும் 33 மணி நேரம். மிச்சம் 15. அதாவது, லோடை இறக்கிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள பாதி வழியில் கணக்கு தீர்ந்துடும்! அதனால மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது ஊருக்குள்ள டெலிவரி வேன். படிப்பு முடிச்சு முழு நேரமா ஓட்டலாம்னா, அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. பல வருஷம் புழக்கத்தில் இருந்த தொழில் வகைப்பாட்டில் லாரி டிரைவருக்கு ஐந்தில் நான்காவது நிலை. திறன் விசாக்கள் பெரும்பாலும் மேல் மூணு நிலைக்குத்தான். வேலைக்கு ஆள் தேவை, ஆனா அந்த வேலையைக் காட்டி நிரந்தரமா தங்குறது கஷ்டம். இப்போ உள்ளங்கை அச்சு இல்லை, விசா நிபந்தனை இருக்கு.

கொடுமை என்னன்னா, 48 மணி நேரத்தைத் தாண்டினவரை 'விசா போயிடும்'னு மிரட்டியே பாதிச் சம்பளம் கொடுக்குற முதலாளிகளும் உண்டு. ஒரு நல்ல சேதி... 1 ஜூலை 2024 முதல், விசா நிலையைக் காட்டித் தொழிலாளியைச் சுரண்டுறது அங்கே குற்றம். குறைந்தபட்ச சம்பளம் விசாக்காரருக்கும் அதேதான். குறைஞ்சா, 'ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன்' என்ற அரசு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம்.

ஆஸ்திரேலியா போற ஆசை உங்க கிளாஸிலும் நாலு பேருக்கு இருக்கும். கன்சல்டன்சி பிரவுச்சரில் ஓபரா ஹவுஸும் கங்காருவும் சிரிக்கும். மாரீயும் ஒட்டகக்காரரும் இருக்கவே மாட்டாங்க. ஆசைப்படுங்க, தப்பே இல்லை. கையெழுத்துப் போடும் முன்னாடி மூணே மூணு கேள்வி கேளுங்க. எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்? மணிக்கு எவ்வளவு கொடுத்தே ஆகணும்? படிப்பு முடிஞ்சப்புறம் எந்த வேலைக்கு அங்கே இடம் உண்டு? பதில் எழுத்தில் வரலைன்னா, அந்த பிரவுச்சரில் வடை மடிச்சுக்கலாம்.