ஐந்து நாளில் ஒரு நாள்

அக்டோபர் 20, 2025, திங்கள். தீபாவளி

போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூர் காலியாகிவிடுகிறது. மதுரைக்கும் தேனிக்கும் போகிற பஸ்களில் நிற்க இடமில்லை என்று வருஷா வருஷம் செய்தி வருகிறது. ஊருக்குப் போகாதவர்களைப் பற்றி அப்படிச் செய்தி வருவதில்லை. பல்லடம்–தாராபுரம் சாலையில் குண்டடத்தைச் சுற்றியுள்ள நூல் மில் குவார்ட்டர்ஸ்களிலும், கோழிப்பண்ணையை ஒட்டிய ஒற்றை அறைகளிலும், லைன் வீடுகளிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக் குடும்பங்கள் இந்த வாரமும் இங்கேயேதான் இருக்கின்றன. சட்டப்படி அவர்கள் வெளிநாட்டில் இல்லை. தூரத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேர் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிடும். திருப்பூரில் தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர் ராஞ்சி போய்ச் சேர இரண்டு இரவுகளை ரயிலிலேயே கழிக்க வேண்டும். அதற்குமேல் பஸ், ஷேர் ஆட்டோ. கடைத்தெருப் பேச்சும் பெயர்ப்பலகையும் பிள்ளையின் பாடப்புத்தகமும் புரியாத ஊரில் கழிகிற பண்டிகைக் காலத்தை அயல்நாட்டு வாழ்க்கையோடு ஒப்பிடுவதில் மிகை ஒன்றும் இல்லை.

அவர்களுக்கும் தீபாவளிதானே, லீவு விட்டாயிற்றே என்று கேட்கலாம். பீகார்க்காரருக்குத் தீபாவளி வாசல்படி மட்டும்தான். வீடு அதையடுத்து வருகிற சட் பூஜை. நம் கம்பெனிகள் லீவு முடிந்து ஷிப்டுக்கு மணி அடிப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். நம்முடைய நாள் பிறர் காலண்டரில் ஏறும்போது நமக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சமல்ல. 2023-இல் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை என்று சட்டம் வந்தது. இந்த மாதம் கலிபோர்னியா தன் மாநில விடுமுறைப் பட்டியலில் தீபாவளியைச் சேர்த்தது. இரண்டையும் இங்கே இனிப்புச் செய்தியாகவே படித்தோம். சிங்கப்பூரில் 1968-இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்றும் அங்கே காவடி எடுக்கிற தமிழர் சொந்த லீவைச் செலவழித்தே எடுக்கிறார். பினாங்கிலும் சிலாங்கூரிலும் அது விடுமுறை நாள். இந்த வேறுபாடு நமக்கு உறுத்துகிறது என்றால், அதே அளவுகோலைக் குண்டடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 25, சனி

இன்று சட் பூஜையின் முதல் நாள். குளித்துவிட்டுச் சோறும் கடலைப்பருப்பும் சுரைக்காயும் சமைத்துச் சாப்பிடுகிற நாள். குண்டடம் வாரச்சந்தையில் சுரைக்காய்க்குப் பஞ்சமில்லை. நாளை இரவு வெல்லப் பாயசம். அதன்பின் முப்பத்தாறு மணி நேரம் பச்சைத்தண்ணீர்கூட இல்லாத விரதம். பெரும்பாலும் பெண்களே இருப்பார்கள். திங்கள் மாலை மறைகிற சூரியனுக்கும் செவ்வாய் விடியலில் எழுகிற சூரியனுக்கும் இடுப்பளவு நீரில் நின்று அர்க்கியம் விட வேண்டும். முறத்தில் கரும்பும் பழமும், கோதுமை மாவில் வெல்லம் பிசைந்து பொரித்த தேகுவாவும் இருக்கும். புரோகிதர் தேவையில்லை, கோயிலும் தேவையில்லை. தேவைப்படுவது இரண்டே: நீரும் நேரமும். சூரியனுக்குப் பொங்கலிட்டுக் கரும்பு வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல அவசியமே இல்லை.

நீர் இந்தப் பக்கத்தில் லேசில் கிடைக்காது. உப்பாறு அணையில் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை. நொய்யலில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட அளவுக்குக் கெட்டுப்போன ஆறு அது. தாராபுரத்தில் அமராவதி இருக்கிறது. போய்வர வண்டி வேண்டும், அதோடு இரு பொழுதும் வேலையிலிருந்து விலகி நிற்க வேண்டும். ஆகவே மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டி, அண்டா என்று ஏதாவது ஒன்றோடு பூஜை சுருங்கிவிடுகிறது. தண்ணீரை ஆளுக்கு ஆள் உண்டாக்க முடியாது, சரி. நேரத்தை உண்டாக்கலாம், அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-ஆம் வருஷத்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும் அது நிர்ணயித்துவிட்டு, மேலும் ஐந்து பண்டிகை நாட்களை நிர்வாகத்தோடும் தொழிலாளரோடும் கலந்து முடிவு செய்ய இடம் விட்டிருக்கிறது. கலந்து என்பதுதான் இங்கே முக்கியம். ரிங் ஃப்ரேமில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் வடக்கத்தியர் என்றால், அந்த ஐந்தில் ஒன்று அவர்களுடையதாக இருப்பது சலுகை ஆகாது. சட்டத்தை எழுதியவர்கள் விட்டுவைத்த இடத்தைப் பயன்படுத்துவது, அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

பீகாரில் இன்று முதல் கட்ட வாக்குப்பதிவு. இரண்டாவது 11-ஆம் தேதி. பூஜைக்குப் போனவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள் என்பதால் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள்கள் சும்மா கிடக்கின்றன என்று முணுமுணுப்பு. அமெரிக்கா ஆகஸ்டு கடைசியிலிருந்து 50 சதவீத வரி போட்ட வருஷத்தில் முதலாளிகளின் கவலை பொய்யும் அல்ல. இன்னொரு நாள் லீவு விட்டால் ஷிப்மென்ட் என்ன ஆவது என்பது நேர்மையான ஆட்சேபம். அதற்கு அந்த 1958-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: விடுமுறை நாளில் வேலை பார்த்தவருக்கு இரட்டைக் கூலி கொடுக்கலாம், அல்லது கூலியோடு மாற்று விடுமுறை கொடுக்கலாம். நாம் வீட்டில் இருக்கிற ஒரு பண்டிகை நாளில் வர விரும்புகிற பீகார்க்காரர் வந்து மெஷினைப் பார்த்துக்கொண்டால், சட் அன்று நாம் பார்த்துக்கொள்ளலாம். நூல் மில்லுக்கு இது லாபமும்கூட. வருஷம் முழுக்க இரவு பகலாக ஓடுகிற இயந்திரத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

இங்கே இருப்பவர்கள் தனிக்கட்டைப் பையன்கள், அவர்களுக்கென்ன பண்டிகை என்கிற வாதமும் உண்டு. அது தலைகீழ். தனி ஆள் ஜெனரல் பெட்டியில் நெருக்கியடித்து ஊர் போய்விடுவான். மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக இருப்பவர்தான் நான்கு டிக்கெட்டையும் பள்ளி நாட்களையும் கணக்குப் போட்டுத் தங்கிவிடுகிறார். 1979-ஆம் வருஷத்து மாநிலம் பெயர்ந்த தொழிலாளர் சட்டம் பயணப்படி பேசியது. 2020-ஆம் வருஷத் தொகுப்புச் சட்டமும் ஆண்டுக்கொருமுறை ஊர் போய்வரச் செலவைப் பேசுகிறது. கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் பெயர் கம்பெனி மஸ்டரிலேயே இல்லாதபோது அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது? நான் சொல்வதிலும் இதே ஓட்டை உண்டு. மஸ்டரில் இல்லாதவரை யாரும் கலந்து பேச மாட்டார்கள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கோ, சட்டம் என்ன சொன்னாலும், நடைமுறையில் லீவு என்றால் கூலி இல்லாத நாள். நாம் விடுகிற நீண்ட தீபாவளி லீவு அவர் அடுப்பில் கை வைக்கிறது.

பிறர் காலண்டர் தெரியாமல் இருந்ததற்கு இந்த வட்டாரம் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. அந்த நாட்களில் ரயில் நிலையத்தில் கண்ட கூட்டத்தில் பெரும்பகுதி 8-ஆம் தேதி ஹோலிக்குக் கிளம்பியது. வழக்கமான பண்டிகைப் பயணம், வதந்தியோடு சேர்ந்ததும் தப்பி ஓடுவதாகத் தெரிந்தது. ஹோலிக்கு எத்தனை பேர் போவார்கள் என்பது கம்பெனி நோட்டீஸ் போர்டில் பிப்ரவரியிலேயே எழுதப்பட்டிருந்தால், வீடியோக்களை யாரும் நிறுத்தியிருக்க முடியாதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தை அவற்றுக்குச் சாட்சியாகக் காட்ட முடிந்திருக்காது.

டிசம்பர் 25, வியாழன்

ஜார்க்கண்டின் சிம்தேகா, ஒடிசாவின் சுந்தர்கர் பக்கத்து ஆதிவாசிக் குடும்பங்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் பனியன்கள் இங்கிருந்து கப்பலேறி மாதங்கள் ஆகின்றன. தைத்தவருக்கு இன்று லீவா என்பது அவரவர் கம்பெனியின் ஐந்து நாள் பட்டியலைப் பொறுத்தது.

தமிழ் மண்ணில் சட் போன்ற இந்திக்காரர் பண்டிகைக்கு எதற்கு இடம் என்று கேட்பவர்களுக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அதை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் சட் பாட்டுகள் போஜ்புரியிலும் மைதிலியிலும் மகஹியிலும் பாடப்படுகின்றன. மைதிலிக்கு எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்ததே 2003-இல்தான். போஜ்புரி இன்னும் வெளியே நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் எண்ணப்படுகிற மொழி அது. இந்தி ஆதிக்கத்தைப் பற்றி நாம் பேச நினைத்தால் பக்கத்து லைன் வீட்டிலேயே கேட்க ஆள் இருக்கிறது.

ஜனவரி 15, 2026, வியாழன். பொங்கல்

இன்று தெரு முழுக்கக் கரும்பு. ரேஷன் கடையில் அரிசி அட்டைக்குப் பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கும் அது உண்டு, நல்ல மரபு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழகம் சேர்ந்ததால் பீகார் அட்டைக்கு இங்கே தானியம் கிடைக்கும். பொங்கல் தொகுப்பு கிடைக்காது. இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. மாநில அரசின் பணம், மாநில அட்டை. அரசு தரும் பரிசும் நிறுவனம் தர வேண்டிய நாளும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான், ‘எல்லாவற்றையும் கேட்கிறார்கள்’ என்று பதறுகிறார்கள்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகள் திறந்ததும் இந்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பேசலாம். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. சட் பூஜையின் மாலை அர்க்கியம் 15-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகளுக்கு அன்று எப்படியும் வார விடுமுறை. விடியல் அர்க்கியம் மறுநாள் திங்கள் காலை ஏழு மணிக்குள் முடிந்துவிடும். முப்பத்தாறு மணி நேரம் பட்டினி கிடந்தவரை அன்றைக்கே மெஷினில் உட்கார வைக்க வேண்டாமென்றால், நிர்வாகம் கொடுக்க வேண்டியது நவம்பர் 16 ஒன்றுதான்.