வாசலில் வந்து நிற்கும் அறிமுகங்கள்

முன்னாளில் ஒருவரோடு புதிதாக அறிமுகமாக வேண்டுமென்றால் நடுவே ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய நூற்பாலையை அடுத்து ஆலைகள் பல பெருகின. அவற்றுள் ஒன்றில் வேலை கேட்டுச் சென்ற என் தகப்பனார், பங்குக் குருவானவர் எழுதித் தந்த நாலு வரிக் கடிதத்தோடுதான் சென்றார். கடிதம் எழுதியவரை மேலாளருக்குத் தெரியும். கொண்டு வந்தவரைக் குருவானவருக்குத் தெரியும். அவ்வளவே தேவையாயிருந்தது.

இன்றோ அந்த இடைமனிதர் இல்லை. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கப்பெற்று, 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறிய லிங்க்ட்இன் என்னும் தளத்தில், வேலை தேடுவோரும் தருவோரும் தத்தம் படிப்பையும் அனுபவத்தையும் எழுதிவைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் இணைப்பு வேண்டி விண்ணப்பம் அனுப்புகின்றனர். கல்லூரி முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்பெயரை அறியாதார் குறைவு. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கும், சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகள் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள்.

நம்மவர்க்கு இதில் வரும் முதற் சங்கடம் தாட்சண்யம். வீடு தேடி வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் பழக்கமில்லை. ஆகவே முன்பின் அறியாதவர் எவர் கேட்டாலும், பாவம், கேட்கிறாரே என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். ஆனால் அத்தளத்தின் முறை வேறு. ஒரு விண்ணப்பத்தை நாம் புறக்கணித்தால் அச்செய்தி அனுப்பியவருக்குப் போவதில்லை. ஆகவே அங்கு எவர் முகமும் வாடுவதில்லை. புறக்கணித்தபின் 'இவரை அறியேன்' என்றும் குறித்துவிட்டால் அவர் மறுமுறை கேட்க இயலாது. ஏற்ற இணைப்பைப் பின்னர் விலக்கினாலும் அவருக்கு அறிவிப்பு இல்லை. நம் மின்னஞ்சல் முகவரி தெரிந்தவர் மட்டுமே கேட்கலாம் என்று கதவைச் சற்று ஒருக்களித்து வைக்கவும் வழியுண்டு. இவற்றை அறிந்தபின் என் தாட்சண்யம் பெருமளவு குறைந்தது.

தங்கை மகளுக்கு வருகிறவற்றில் சில வேறு வகை. வேலை பற்றி ஒரு சொல்லும் இராது. 'உங்கள் படம் அழகாயிருக்கிறது' என்று இருக்கும். அவள் பதில் எழுதாமலே தடை செய்துவிடுகிறாள். "ஒரு வார்த்தை மரியாதையாகச் சொல்லி நிறுத்தக் கூடாதா?" என்பாள் என் தங்கை. நான் மகள் பக்கம். தொழில் பேசுவதற்கென்று உள்ள இடத்தில் முகத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அவள் எந்தப் பதிலும் கடன்படவில்லை.

நிற்க. மகிழ்ச்சி தந்த விண்ணப்பங்களும் உண்டு. என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவி ஒருத்தி, இன்று மருத்துவமனை ஒன்றில் செவிலியர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறாள். விண்ணப்பத்தோடு சிறு குறிப்பும் எழுத இடமுண்டல்லவா? 'மூன்றாம் பெஞ்சில் சன்னலோரம் இருந்தவள்' என்று எழுதியிருந்தாள். பெயரைவிட அந்தச் சன்னல்தான் எனக்கு அவளை நினைவூட்டிற்று.

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் குடும்பத்தைக் கலக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கை மகன் பொறியியல் முடித்து ஈராண்டு வேலையின்றி இருந்தான். முன்பின் தெரியாத ஒருவர் இணைப்புக் கேட்டார். தன் கல்லூரித் தோழர் பலர் ஏற்கெனவே அவரோடு இணைந்திருந்ததால் இவனும் ஏற்றான். பத்தே நாளில் பாங்காக்கில் வேலை, கை நிறையச் சம்பளம், சுற்றுலா விசாவில் உடனே புறப்படலாம், முன்பணம் அறுபதாயிரம் என்றார். என் தங்கை இரண்டு வளையல்களை அடகுக்கு எடுத்து வைத்துவிட்டாள்.

நான் அடுத்த பேருந்திலேயே போனேன். பாங்காக் என்ற சொல்லே என்னை உலுக்கியது. தாய்லாந்தில் வேலை என்று ஆசை காட்டி, நம் நாட்டுப் பிள்ளைகளை எல்லை கடத்தி மியன்மாருக்குக் கொண்டுபோய், அடைத்து வைத்து இணைய மோசடி வேலை வாங்குகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்திருந்தது. அப்படிச் சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் சிலர் மீட்கப்பெற்றுச் சென்னை வந்தனர்.

பையனை அருகில் வைத்துக்கொண்டே அவருடைய பக்கத்தைத் திறந்தோம். ஒருவர் அத்தளத்தில் எப்போது சேர்ந்தார் என்பதைக் காட்டும் பகுதி அங்கு இருக்கிறது. பதினைந்தாண்டு அனுபவம் என்று எழுதியிருந்தவர் சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வகுத்த முறை. பதிவு பெற்றோர் பட்டியல் இ-மைகிரேட் என்னும் அரசுத் தளத்தில் இருக்கிறது. அதில் அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை. பொதுவாக இணைந்திருந்த தோழர்கள் இருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர்களும் இவனைப் போலவே, மற்றவர் ஏற்றிருந்ததைப் பார்த்து ஏற்றவர்கள்! (பணம் கைமாறியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, வளையல்கள் வீட்டிலேயே இருந்தன.)

அவன் நன்றி சொல்லவில்லை. "பெரியம்மா, வருகிறவர் எல்லாரும் போலி என்றால் எனக்கு வேலை தருவது யார்?" என்று கேட்டான். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஈராண்டுக்குப் பின் அவனைத் தேடி வந்த முதல் அழைப்பு அதுதானே?

பிறகு அவனே விண்ணப்பம் எழுதத் தொடங்கினான். 'வணக்கம், இணைய விரும்புகிறேன்' என்று எல்லோருக்கும் ஒன்றையே அனுப்பாமல், ஏன் கேட்கிறேன் என்பதை இரண்டு வரியில் எழுது என்றேன். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை வாங்கும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு அலுவலர்களைத் தேடி, அத்தறிகளின் ஓசையில் வளர்ந்தவன் நான் என்று எழுதினான். பதினான்கு பேருக்கு அனுப்பினான். மூவர் ஏற்றனர். ஒருவர் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அவர் தளத்தில் சேர்ந்தது 2011-இல் என்று, நான் கேட்பதற்கு முன்பே சொன்னான்.