தூக்குச் சட்டியில் மதியச் சாப்பாடு

டுரியானும் ஜாதிக்காயும் விளையும் பினாங்கின் பாலிக் புலாவில் காய்கறித் தோல் குப்பை லாரியில் ஏறுவது மனத்தை உறுத்துகிறது. பினாங்குத் தீவின் குப்பை கடல் தாண்டி, பெருநிலத்தில் உள்ள புலாவ் பூரோங் வரை போகிறது. மட்கவைத்தால் அதே தோல் கொல்லை மரத்துக்கு உரம்!

பினாங்கில் 2009-இல் தொடங்கிய பிளாஸ்டிக் பை இல்லா நாள், 2011 முதல் தினசரி நடைமுறையானது. 2016 ஜூனில் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் கொள்கையும் வந்தது.

ஐ.நா. கணக்குப்படி, 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது.

ஆக, வேலை அடுப்படியில்தான். இரவு மிஞ்சி, குளிர்பெட்டியில் வைத்த சோறு காலையில் கடுகு, கறிவேப்பிலை தாளிப்போடு எலுமிச்சைச் சோறாகிறது. பிள்ளையின் தூக்குச் சட்டியில் கீழடுக்கில் சோறு, மேலடுக்கில் பொரியல், கூடவே ஓர் எவர்சில்வர் கரண்டி. "எவ்வளவு வேணும்பா?" என்று பிள்ளையைக் கேட்டே வைக்கலாம். சாயங்காலம் சட்டியில் மிச்சமிருந்தால், மறுநாள் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளலாம்.