ஏஜென்ட் யாரு பக்கம்? வீடு வாங்கப் போற நம்ம மக்களுக்கு

அம்மன் அருளால ஆடி வெள்ளி பூஜை எல்லாம் நல்லபடியா நடந்துக்கிட்டு இருக்கு. காய்கறி நறுக்க வந்த அக்காமாருக்கும், பந்தியில நின்ன தம்பிகளுக்கும் நன்றி. இந்தப் பதிவு பூஜையைப் பத்தினது இல்ல. வீடு வாங்குற விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நம்ம கோயிலுக்கு வர்ற குடும்பங்கள்ல பாதிக்கு மேல தோட்டத்துல இருந்து வந்தவங்க, இல்லன்னா இன்னும் தோட்டத்துலயே இருக்கிறவங்க. தோட்டத்துல வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. தொழிலாளிக்கு ஒழுங்கான வீடும் தண்ணியும் நிர்வாகம் கொடுக்கணும்னு 1990-ஆம் ஆண்டு சட்டம், அதாவது சட்டம் 446, சொல்லுது. ஆனா வேலை முடிஞ்சா அந்த லயத்து வீடு நமக்குச் சொந்தம் ஆகாது. அதனால நம்ம ஆளுங்க 55, 58 வயசுல, கைக்கு வந்த ஈ.பி.எஃப். பணத்தை நம்பி, வாழ்க்கையில முதல் தடவையா வீடு தேடிப் போறாங்க. ஏஜென்ட்டைப் பாக்குறதும் அப்பதான் முதல் தடவை. "இங்க ஒரு சைன் போடுங்க அண்ணே"ன்னு பேப்பரை நீட்டுறதும் அப்பதான்.

போன வருஷம் நம்ம பக்தர் குடும்பம் ஒண்ணுக்கு நடந்தது இது. பேரு வேணாம், அவங்க அனுமதியோடதான் எழுதுறோம். ஐயாவுக்கு 58 வயசு, மரம் வெட்டி ரிட்டையர் ஆனவர். சிரம்பான் பக்கம் ஒரு தாமான்ல பழைய டெரஸ் வீடு, விலை 250,000 வெள்ளி. காட்டினவர் நல்லா தமிழ் பேசுறவர். தன் காடியில ஏத்திக்கிட்டுப் போய் நாலு வீடு காட்டினார், தே தாரே வாங்கிக் கொடுத்தார், "அண்ணே, அக்கா"ன்னு வாய் நிறைய கூப்பிட்டார். "இன்னிக்கே 5,000 கட்டலேன்னா வேற ஆளு எடுத்துடுவான்"னு சொன்னார். அவரோட சொந்த பேங்க் கணக்குல பணத்தைப் போட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்த பாரத்துல ஐயா கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் பேங்க் கடன் கிடைக்கல. வீட்டுக் கடனை பொதுவா 70 வயசுக்குள்ள கட்டி முடிக்கிற மாதிரிதான் பேங்க் கணக்குப் போடும். 58 வயசுல போனா 12 வருஷம்தான், மாசத் தவணை எகிறிப் போச்சு. பணத்தைத் திருப்பிக் கேட்டா, "உரிமையாளர் பிடிச்சுக்கிட்டார், பாரத்துல அப்படித்தான் இருக்கு"ன்னு பதில். அதுக்கப்புறம்தான் அம்மா பாரத்தைத் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வந்தாங்க. நாங்க உக்காந்து படிச்சோம். கடன் கிடைக்கலேன்னா பணம் திரும்ப வரும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. கம்பெனி பேரும் இல்ல, ஏஜென்ட் நம்பரும் இல்ல. போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு, வாரியத்துக்கும் புகார் அனுப்பியாச்சு. பணம் இன்னும் வரல. 5,000 வெள்ளி எத்தனை மாசம் மரம் வெட்டினா மிஞ்சும்னு நமக்கெல்லாம் தெரியும்.

அந்தக் குடும்பம் கேட்ட கேள்விகளையே பிடிச்சுக்கிட்டு நாங்க விசாரிச்சோம். கோயிலுக்கு வர்ற ஒரு லோயர் தங்கச்சியும் சொல்லிக் கொடுத்தாங்க. தெரிஞ்சுக்கிட்டதை கீழே எழுதுறோம்.

முதல்ல, ஏஜென்ட்னா யாரு? நம்ம நாட்டுல இதுக்குன்னு 1981-ஆம் ஆண்டு சட்டம் ஒண்ணு இருக்கு, சட்டம் 242. வீடு விக்கிற வேலை பாக்குறவங்க எல்.பி.பி.இ.எச். என்ற வாரியத்துல பதிஞ்சிருக்கணும். இதுல ரெண்டு வகை. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட்டுக்கு 'இ'ன்னு ஆரம்பிக்கிற நம்பர் உண்டு. அவர் கம்பெனிக்குக் கீழே வேலை செய்யிற நெகோஷியேட்டருக்கு 'ரென்' நம்பர் உண்டு. நாம வெளியில பாக்குறது பெரும்பாலும் இந்த ரென் ஆளுங்களைத்தான். அவங்க போட்டோ, பேரு, நம்பர், கம்பெனி பேரு எல்லாம் போட்ட அட்டை ஒண்ணு கழுத்துல இருக்கணும். நம்பரை வாரியத்தோட வெப்சைட்ல தட்டினா உண்மையா இல்லையான்னு உடனே தெரியும். பதிவு இல்லாம இந்தத் தொழில் செஞ்சா 300,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. அதனால நம்பர் கேக்குறதுக்குக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையா தொழில் செய்யிற ஏஜென்ட்டுங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க கேட்ட உடனே அட்டையைக் காட்டுவாங்க.

அடுத்தது, நம்ம மக்கள் பெரும்பாலும் யோசிக்காத விஷயம். அந்த ஏஜென்ட் யாரு பக்கம்?

நம்மளைக் காடியில கூட்டிட்டுப் போறதால அவரை நம்ம ஆளுன்னு நினைச்சுடுறோம். அவரை நியமிச்சது வீட்டை விக்கிறவர். ரெண்டு பேருக்கும் நடுவுல நியமனக் கடிதம்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. கமிஷன் கொடுக்கிறதும் விக்கிறவர்தான். வீட்டு விற்பனைக்கு அதிகபட்சம் 3 விழுக்காடு. 250,000 வெள்ளி வீட்டுக்கு 7,500. விலை 10,000 ஏறினா அவர் கமிஷன் 300 ஏறும். அவர் பொய் சொல்றார்னு நாங்க சொல்லல. ஆனா அவருடைய கடமை யாருக்குன்னு நாம தெரிஞ்சு வச்சுக்கிட்டு விலை பேசணும். "எனக்கு 270,000 வரைக்கும் முடியும்"னு அவர்கிட்ட சொல்றதும் வீட்டுக்காரர்கிட்டயே சொல்றதும் ஒண்ணுதான். நாமளே தனியா ஒரு ஏஜென்ட்டை எழுத்துல நியமிச்சாதான் அவர் நம்ம ஆளு, அப்பதான் கமிஷன் நாம கொடுக்கணும். ஒரே விற்பனையில ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கக் கூடாது. யாராவது உங்ககிட்ட 'ஏஜென்ட் ஃபீஸ்' கேட்டா, எந்தப் பேப்பர்ல நாங்க உங்களை நியமிச்சோம்னு கேளுங்க.

இப்ப அந்த ஒரு பக்க பாரத்துக்கு வருவோம். வாங்குறதுக்கான சலுகைக் கடிதம்னு சொல்லுவாங்க, சில பேர் புக்கிங் பாரம்னு சொல்லுவாங்க. சின்னப் பேப்பர்தானேன்னு நினைக்காதீங்க. நீங்க கையெழுத்துப் போட்டு, விக்கிறவரும் ஒத்துக்கிட்டா அது ஒப்பந்தம். வழக்கம் எப்படின்னா, பழைய வீட்டுக்கு இந்தக் கட்டத்துல விலையில 2 இல்ல 3 விழுக்காடு முன்பணம் கட்டுவாங்க. அதுக்கப்புறம் பொதுவா 14 வேலை நாளுக்குள்ள லோயர் ஆபீஸ்ல வாங்கல் விற்பனை ஒப்பந்தம், அதான் நாம எஸ்.அண்ட்.பி.ன்னு சொல்றது, கையெழுத்தாகும். அன்னிக்கு மொத்தம் 10 விழுக்காடு வர்ற மாதிரி மீதியைக் கட்டணும். 250,000 வெள்ளி வீட்டுக்கு 3 விழுக்காடுன்னா முதல்ல 7,500, எஸ்.அண்ட்.பி. அன்னிக்கு 17,500. பாக்கி 90 விழுக்காட்டை பேங்க் கடன் வழியா கட்ட வழக்கமா 3 மாசம், தேவைப்பட்டா வட்டியோட இன்னும் 1 மாசம்.

இந்தப் பாரத்துல கண்டிப்பா பாக்க வேண்டியது:

1. பணம் யார் கணக்குக்குப் போகுது? ஏஜென்சி கம்பெனியோட வாடிக்கையாளர் கணக்கு, இல்ல லோயர் கணக்கு. தனி ஆளோட கணக்குன்னா அங்கேயே நிறுத்துங்க. ரசீதுல கம்பெனி பேரு இருக்கணும்.

2. பேங்க் கடன் கிடைக்கலேன்னா என்ன? "கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுசா திரும்பும், இத்தனை நாளுக்குள்ள"ன்னு எழுதி இருக்கணும். வாயால சொன்னா போதாது. அச்சடிச்ச பாரத்துல இல்லேன்னா பேனாவால எழுதச் சொல்லி ரெண்டு பக்கமும் சுருக்கக் கையெழுத்துப் போடலாம்.

3. வீட்டுக்காரர் மனசு மாறினா என்ன? நாம பின்வாங்கினா முன்பணம் போகும்னு எழுதுறாங்க. அவர் பின்வாங்கினா நம்ம பணத்தோட அதே அளவு இன்னொரு பங்கும் தரணும்னு எழுதுற வழக்கம் உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதி இருந்தா கேளுங்க.

4. வீட்டோட என்னென்ன வருது? கிரில், தண்ணி டேங்க், ஏர்கோன், பாக்கி இருக்கிற தண்ணி பில், மதிப்பீட்டு வரி. எல்லாம் எழுத்துல.

முன்பணம்தானே, கோர்ட்டுக்குப் போனா வாங்கிடலாம்னு சில பேர் சொல்றாங்க. அவ்வளவு லேசு இல்ல. கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ், மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ்னு ரெண்டு கம்பெனிக்கு நடுவுல ஒரு சொத்து விற்பனை வழக்கு. 2018-ல கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. வாங்குறவர் கெடுவுக்குள்ள வாங்கல் விற்பனையை முடிக்கல. கட்டின பணம் 3 மில்லியன் வெள்ளிக்கு மேல. அதை விக்கிறவர் வச்சுக்கலாம்னு தீர்ப்பு. பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, நாம பாரத்தைப் படிக்காம பணம் கட்டலாமா?

புது வீடு வாங்குறவங்களுக்குச் சட்டம் வேற. டெவலப்பர்கிட்ட நேரா வாங்குறப்போ 1966-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் நம்மளைக் காப்பாத்துது. ஒப்பந்தம் அரசாங்கம் வகுத்த பாரத்துலதான் இருக்கணும். தரை வீட்டுக்கு அட்டவணை ஜி, அடுக்குமாடிக்கு அட்டவணை எச். அந்த ஒப்பந்தத்துல சொன்ன தவணையைத் தவிர 'புக்கிங் ஃபீஸ்', 'பதிவுப் பணம்'னு எந்தப் பேருலயும் வாங்கக் கூடாது. ஆனாலும் வாங்குறாங்க. 2021 ஜனவரியில பி.ஜே.டி. ரீஜென்சி வழக்குல கூட்டரசு நீதிமன்றம் நமக்குச் சாதகமா ஒரு தீர்ப்புக் கொடுத்துச்சு. வீடு தாமதமானா கிடைக்கிற நஷ்ட ஈட்டை ஒப்பந்தம் போட்ட தேதியில இருந்து எண்ணக் கூடாது, புக்கிங் பணம் கட்டின தேதியில இருந்து எண்ணணும். அதனால அந்த ரசீதைத் தூக்கிப் போடாதீங்க, அது பணம். டெவலப்பர் மேல புகார் இருந்தா வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கு. 10 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரைக்கும் லோயர் இல்லாமலே நாமே கேக்கலாம்.

நம்ம நெகிரி செம்பிலானுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. கோலா பிலா, ரெம்பாவ், தம்பின், ஜெலுபு பக்கம் மலிவா நிலம், வீடுன்னு யாராவது காட்டினா முதல்ல கிராண்ட்டைப் பாருங்க. அங்க அடாட் பெர்பாத்தே வழக்கப்படி தாய் வழியா பொண்ணுங்களுக்குப் போற நிலம் நிறைய இருக்கு. 1909-ஆம் ஆண்டு சட்டப்படி அந்த நிலத்தை அந்தக் குலத்துக்கு வெளியே விக்க முடியாது. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தையும் நாம வாங்க முடியாது. அது அவங்க பாட்டன் பூட்டன் சொத்து, தப்பு அவங்க மேல இல்ல. அதை நம்மகிட்ட காட்டி முன்பணம் வாங்குறவன் மேலதான் தப்பு. நிலுவை நிலமா, 99 வருஷக் குத்தகையா, மாற்றத்துக்கு மாநில அரசாங்க அனுமதி வேணுமா, பேங்க்ல அடமானம் இருக்கா, எல்லாம் நில அலுவலகத்துல கொஞ்ச காசு கட்டி எடுக்கிற அதிகாரபூர்வத் தேடல் பேப்பர்ல தெரியும். பணம் கட்டுறதுக்கு முன்னால அந்தப் பேப்பரைக் கேளுங்க.

சில பேர் கேக்குறாங்க, "ஏன் தம்பி, நம்ம ஆளுகிட்டயே பேப்பரு கேட்டா மனசு கோணாதா?" தோட்டத்துல அப்படித்தான் வளர்ந்தோம். கிராணி சொன்னா சரி, மண்டோர் சொன்னா சரி. ஆனா நம்ம பெரியவங்க எழுத்தோட அருமை தெரியாதவங்க இல்ல. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்துல, 1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். தொழிலாளிங்க சம்பளத்துல இருந்து பங்குப் பணம் கட்டினாங்க. கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தை முதல்ல வாங்கினாங்க. வாயால இல்ல, பதிவு செஞ்ச சங்கத்தோட பேருல.

நம்ம கோயிலையும் நினைச்சுப் பாருங்க. அந்தக் காலத்துத் துரை "கட்டிக்கோ"ன்னு சொன்ன இடம். நல்ல மனுஷன், பொய் சொல்லல. ஆனா தோட்டம் கை மாறினதும் புது நிர்வாகம் கேட்ட முதல் கேள்வி, "கடிதம் எங்கே?" அது இல்லாம நாம எத்தனை வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சோம்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். சொன்னவர் நல்லவராவே இருக்கலாம். அவர் போனதுக்கப்புறம் அவர் சொல்லுக்கு யார் சாட்சி?

எங்க குழுவுல பாதிப் பேர் நீலாய், செனாவாங் ஃபேக்டரி ஆளுங்க. படிப்பு எஸ்.பி.எம். தான். ஆனா லாரி வந்தா டி.ஓ. பாக்காம ஒரு பெட்டி கூட இறக்க விட மாட்டோம். எண்ணிக்கை சரியா இருந்தாதான் சைன். கம்பெனி சாமானுக்கே அவ்வளவு பாக்குறோம். சொந்த வீட்டுக்கு அதுல பாதியாவது பாக்கலாம்.

இன்னொண்ணு. 50 வயசு தாண்டினவங்க வீடு பாக்குறதுக்கு முன்னாலயே பேங்குக்குப் போய் எவ்வளவு கடன் கிடைக்கும்னு கேட்டுடுங்க. சம்பாதிக்கிற பிள்ளையைச் சேர்த்துக் கடன் எடுக்கலாமான்னும் கேளுங்க. 55 ஆகாத பிள்ளைங்க வீட்டுக்காக ஈ.பி.எஃப். எடுக்கணும்னா இப்ப அது செஜாத்ரா கணக்குல இருந்து. எஸ்.அண்ட்.பி. இல்லாம அது வராது, அதனால முன்பணத்துக்கு அந்தப் பணத்தை நம்பாதீங்க.

லோயரையும் நீங்களே பாருங்க. வீட்டுக்காரர் லோயர் வீட்டுக்காரருக்குத்தான் வேலை பாப்பார். மலாய், ஆங்கிலம் புரியலேன்னா "தமிழ்ல சொல்லுங்க"ன்னு கேக்குறதுல வெக்கம் இல்ல. அதுக்குத்தான் ஃபீஸ் கொடுக்கிறோம்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை பூஜையும் அன்னதானமும் முடிஞ்சதும் மண்டபத்துல உக்காருவோம். லோயர் தங்கச்சி வர்றாங்க, காசு எதுவும் வேணாம். கையில பாரம், ரசீது, கிராண்ட் நகல் எது இருந்தாலும் கொண்டு வாங்க. இன்னும் கையெழுத்துப் போடாதவங்க முக்கியமா வாங்க, போட்டவங்களும் வாங்க. தோட்டத்துல இன்னும் இருக்கிற அப்பா அம்மாவுக்கு போன்ல இதைப் படிச்சுக் காட்டுங்க. ஷேர் பண்ணுங்க.

அம்மன் எல்லாருக்கும் சொந்தமா ஒரு வாசப்படி கொடுக்கட்டும்.

ஓம் சக்தி.
ஆலயத் தொண்டர் குழு