காதோரம் ஒரு கட்டி

“கண்ணை இறுக்கி மூடுங்கம்மா. பல்லைக் காட்டுங்க. கன்னத்தை உப்புங்க.”

மதுரையில் ஒரு மருத்துவமனை. கட்டியைத் தொடுவதற்கு முன்பே டாக்டர் முகத்தைச் சோதித்தார். அந்த அம்மாவுக்கு 52 வயது. இடது காதுமடலைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சை அளவில் வீக்கம். 6 வருஷமாக இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி என்று ஊரில் தங்கச் சங்கிலி போடச் சொன்னார்களாம். வலிக்கவில்லை, விட்டுவிட்டார். பொன்னுக்கு வீங்கியில் வீங்குவதும் காதோரம் இருக்கும் இதே பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிதான். ஆனால் சில நாளில் வடிந்துவிடும்.

ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்த்ததில் ‘பிளியோமார்ஃபிக் அடினோமா’ என்று வந்தது. புற்று இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 10-க்கு 8 பரோடிட்டில் வருபவை. அவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. அண்ணத்தில் இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகளில் வந்தால்தான் பயம் அதிகம். ஆனால் சாதுக் கட்டியும் பல வருஷம் கிடந்தால் புற்றாக மாறக்கூடும்.

“கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட முடியாதா?” என்று கேட்டேன்.

“அதன் உறை ரொம்ப மெல்லிசு. கிழிந்து சிந்தினால், வருஷங்கள் கழித்து பத்து இடத்தில் முளைக்கும். சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்துத்தான் எடுக்கணும்.”

மறுவாரம் அனுமதி பெற்று தியேட்டருக்குள் நின்றேன். காதின் முன்னே இறங்கி, மடலுக்குக் கீழே வளைந்து, கழுத்துக்குப் போனது கீறல். தோலை விலக்கியதும் வெளிர்மஞ்சளாகச் சுரப்பி தெரிந்தது. கட்டியின் பக்கமே போகவில்லை டாக்டர். காதுக் குருத்தெலும்பின் நுனி, கழுத்திலிருந்து ஏறிவரும் ஒரு தசை என்று அடையாளம் வைத்து ஆழத்தில் தேடிக்கொண்டே இருந்தார். முகத்தில் குத்தியிருந்த ஊசிகளோடு இணைந்த கருவி திடீரெனச் சத்தமிட்டது.

“இதுதான்.”

வெள்ளையாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நரம்பு. இமை மூடுவது, சிரிப்பது, உதடு குவிப்பது எல்லாம் இதன் வேலை. சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளைகளாக விரிகிறது. மயக்கம் கொடுக்கும்போது போட்ட தசை தளர்த்தும் மருந்தின் வேகம் தீரும்வரை காத்திருந்ததும் இந்த நரம்புக்காகத்தான். தசை அசையாவிட்டால் கருவியும் பேசாது. ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து, அதன் மேலிருந்து சுரப்பியை அங்குலம் அங்குலமாக உரித்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கட்டி, உறை கிழியாமல், சுரப்பிச் சதையோடு தட்டுக்கு வந்தது. பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் படுக்கையருகே மறுபடி அதே குரல்: “கண்ணை இறுக்கி மூடுங்கம்மா.”

இமை முழுசாக மூடியது. பல்லைக் காட்டியபோது இடது உதட்டோரம் கொஞ்சம் பின்தங்கியது. சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

அந்த அம்மா காதுமடலைத் தடவிப் பார்த்தார். “இங்க மரத்துப் போயிருக்கே?”

“மடலுக்குப் போகிற நரம்பைக் காப்பாத்த முடியலைம்மா. உணர்ச்சி கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்.”

அவர் மகளிடம் கை நீட்டினார். “என் தோட்டக் குடு. வலது காதுல மட்டுமாவது இப்பவே போட்டுக்கிறேன்.”