வில்லையும் தூரமும்

நாம் பணிபுரியும் மலையகப் பாடசாலையில் ஒரு புகைப்படக் கழகம் உண்டு. உறுப்பினர் இருபத்திரண்டு பேர், கமரா ஒன்று. அதுவும் பழைய மாணவர் ஒருவர் தாம் பாவித்த பின் அன்பளிப்பாகத் தந்தது. அதனுடன் வந்த சூம் வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மலைநாட்டு ஈரம் கண்ணாடிக்கும் இரங்குவதில்லை. புதிய வில்லை வாங்குவதற்கென மாணவர் இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தனர். பணம் சேர்ந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. சூம் வில்லை ஒன்றை வாங்குவதா, அன்றி மாறாத குவியத்தூரமுடைய வில்லைகள் மூன்றை வாங்குவதா? கையிலிருந்த பணம் இவ்விரண்டில் ஒன்றுக்கே போதுமானதாயிருந்தது.

கடைக்காரரிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய காரியம் இது என வாசகர் எண்ணலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் விவாதம் மூன்று வெள்ளிக்கிழமைகள் நீடித்தது. அதன் முடிவில் எமது பழைய பிழையொன்றை மாணவர் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதனாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

முதலிற் கருவியின் இயல்பைக் கூறிவிடுவோம். உள்ளே கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்வதனால் தன் குவியத்தூரத்தை மாற்றிக்கொள்வது சூம் வில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு வளையத்தைத் திருப்பினாற் போதும். அகன்ற காட்சி குறுகும், தூரத்துப் பொருள் பெரிதாகும். 35 மில்லிமீற்றர் புகைப்படக் கமராவுக்கென விற்பனைக்கு வந்த முதலாவது சூம் வில்லை 1959 ஆம் ஆண்டில் ஃபொய்க்ட்லாண்டர் நிறுவனம் வெளியிட்ட 'சூமார்' ஆகும். 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை அதன் குவியத்தூரம் மாறும். அதனை வகுத்தவர் ஒஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய பிராங் பேக் என்னும் பொறியியலாளர். அக்காலத்திற்கு முன் நிழற்படம் எடுத்தோர் மாறாத குவியத்தூரமுடைய வில்லைகளைக் கொண்டே தொழில் செய்தனர். உருவம் பெரிதாக வேண்டுமாயின் வில்லையை மாற்றவேண்டும். அன்றேற் காலை எடுத்து முன்னே வைக்கவேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை சூம் வில்லையின் கட்சியே வலுத்திருந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதன் பக்கம் நின்று பேசினான். பனியும் தூறலும் மாறிமாறி வரும் இந்நாட்டில், வெளியிடத்தில் வில்லையைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கமராவின் உள்ளே ஈரமும் தூசியும் புகுகின்றன. விளையாட்டுப் போட்டியில் ஓடுகின்ற பிள்ளை, நாம் வில்லையை மாற்றும் வரை காத்து நிற்கமாட்டாள். மூன்று வில்லைகள் இருந்தால் இரண்டு எப்பொழுதும் பையிலேயே தூங்கும். இவை அவனது வாதங்கள். இவற்றில் எதனையும் மறுப்பதற்கில்லை.

இரண்டாம் வெள்ளிக்கிழமை மறுகட்சியினர் கணக்குகளோடு வந்தனர். கெனன் நிறுவனம் 2002 இல் வெளியிட்ட 24–70 மில்லிமீற்றர் சூம் வில்லையே எமக்குப் பழைய சந்தையிற் கிடைக்கக்கூடியது. அதன் நிறை 950 கிராம். அதே நிறுவனத்தின் 28, 50, 85 மில்லிமீற்றர் வில்லைகளின் நிறைகளோ முறையே 310, 160, 425 கிராம். மூன்றையும் கூட்டினாலும் 895 கிராமுக்கு மேற்போகவில்லை. துவாரத்தை எடுத்துக்கொண்டால், அந்தச் சூம் வில்லை ஆகக்கூடுதலாக எஃப் 2.8 வரையே திறக்கும். மற்றைய மூன்றும் எஃப் 1.8 வரை திறக்கும். உட்புகும் ஒளி துவாரத்தின் விட்டத்தினது வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும்.

"அந்த இரண்டரை மடங்கு யாருக்கு வேணும்?" என்று சூம் கட்சியினர் கேட்டனர்.

விடை கூறியவள் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி. கழகம் அவ்வாண்டுக்கு எடுத்துக்கொண்ட பணி, தோட்டத்துப் பிள்ளைகள் இரவிற் படிப்பதைப் படம்பிடிப்பது. அவர்கள் வாழும் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அவள் கரும்பலகையில் இரண்டு முக்கோணங்களை வரைந்தாள். கமராவின் உணரி 36 மில்லிமீற்றர் அகலமுடையது. வாசலில் நின்று பத்தடிக்கு அப்பாலுள்ள சுவரைப் படம்பிடித்தால், 50 மில்லிமீற்றர் வில்லையில் ஏழடிக்குச் சற்றுக் கூடுதலாகவே விழும். 28 மில்லிமீற்றர் வில்லையிலோ பன்னிரண்டடிச் சுவர் முழுவதும் அடங்கும். 24 மில்லிமீற்றர் வரை செல்லும் சூம் வில்லையிலும் அது அடங்கும் என மறுதரப்பு நினைவூட்டியது. அவளும் ஒப்புக்கொண்டாள்.

"அடங்கும். ஆனா வெளிச்சம் காணாது. எங்க வீட்டுல ஒரு குண்டு பல்புதான். சூம் வில்லையில இருபதில ஒரு செக்கன் திறந்தாத்தான் படம் விழும். எழுதுற பிள்ளையோட கை கலங்கிப் போகும். மத்ததுல ஐம்பதில ஒரு செக்கன் போதும்."

மின்வெட்டொளியைப் பாவிக்கலாமே என்றான் ஒருவன். அவ்வாறு செய்தால் அறையின் இருட்டுப் படத்தில் இராது என்றும், அந்த இருட்டைக் காட்டவே படம் எடுக்கிறோம் என்றும் அவள் கூறினாள். உணர்திறனைக் கூட்டினால் எமது பழைய கமராவின் படம் மணல் தூவியது போலாகிவிடும் என்பதை அனைவரும் அறிவர். வாதம் அவ்வளவில் ஓய்ந்தது.

இவ்விடத்தில் நாம் குறுக்கிட்டோம். ஆசிரியருக்குரிய ஆசை எம்மை விடவில்லை. வில்லையை மாற்றுவதனாற் பொருள்களின் தோற்ற ஒழுங்கு மாறுவதில்லை. நிற்கும் இடத்தை மாற்றினாலே அது மாறும் என்பதை விளக்க முற்பட்டோம். ஒரு பெண்ணைப் பத்தடி தூரத்திலிருந்து 50 மில்லிமீற்றர் வில்லையாலும், நாற்பதடி தூரத்திலிருந்து 200 மில்லிமீற்றர் வில்லையாலும் படம்பிடித்தால், இரு படங்களிலும் அவள் ஒரே அளவினளாகவே இருப்பாள். ஆயின் தூரத்துப் படத்தில் அவளுக்குப் பின்னாலுள்ள மலை முதுகோடு ஒட்டி எழும். சுற்றியிருப்பவை யாவும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அருகிலிருந்து எடுத்த படத்தில் அவளைச் சூழ்ந்துள்ள உலகமும் உடன்வரும். இதனைக் காட்டுவதற்கு அலுமாரியிலிருந்து எமது பழைய படமொன்றை எடுத்து வந்தோம். பதினாறு ஆண்டுகளுக்கு முன், வீதியோரத்தில் நின்று, 70–210 மில்லிமீற்றர் சூம் வில்லையின் வளையத்தைக் கடைசி வரை திருப்பி எடுத்த படம் அது. கொழுந்துப் பையோடு நிற்கும் பெண்ணொருத்தி, உதட்டோரத்தில் ஒரு நெளிவு, பின்னே நீல மலை. 'மலையின் புன்னகை' என அதற்குப் பெயரிட்டிருந்தோம். கண்காட்சியொன்றிற் பரிசும் பெற்றது. பரிசுப் பணத்திற்குப் புத்தகங்கள் வாங்கினோம்.

முக்கோணங்களை வரைந்த அதே மாணவி படத்தைக் கையில் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சேர், இது எங்க அம்மா."

வகுப்பு அமைதியாயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டாள். கொடுத்தனுப்பினோம். அவ்வாரம் முழுவதும் ஒருவகைப் பெருமிதம் எம்மிடம் இருந்ததென்பதையும் இங்கு மறைக்கலாகாது. அத்தாய் மகிழ்வாள் என்றே எண்ணியிருந்தோம்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை அவள் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். தலையிற் கட்டியிருந்த துணியை வைத்துத் தாய் அந்நாளை அடையாளங் கண்டிருக்கிறாள். தீபாவளிக்கு முந்திய வாரம் அது.

"அம்மா சிரிக்கல சேர். அன்னிக்குக் கொழுந்து நிறுக்கிற எடத்துல ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோ வெட்டிட்டாங்களாம். பேர் விழாமப் போயிருமோன்னு அழுகைய அடக்கிக்கிட்டு நிக்குது. படத்த ரொம்ப நேரம் பாத்துச்சு. பாத்துட்டு, 'தராசு எங்க?'ன்னு கேட்டுச்சு."

எமக்கு நினைவு வந்தது. தராசு அங்கேதான் இருந்தது. அப்பெண்ணுக்கு வலப்புறம், நான்கைந்து அடி தள்ளி, முக்காலியிற் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுப்பவரும் கணக்கெழுதுபவரும் அருகில் நின்றனர். அவர்கள் படத்தின் அழகைக் கெடுப்பதாக எண்ணி வளையத்தைத் திருப்பினோம். தராசு வெளியே போயிற்று; முகம் பெரிதாயிற்று. நாட்கூலிக்குரிய நிறை குறைந்தால் அரைப் பேராகும் என்ற அச்சம் புன்னகையாயிற்று. அருகே சென்றிருந்தால் அவளிடம் ஒரு வார்த்தையேனும் கேட்டிருப்போம். தூரத்தில் நின்றவருக்குக் கேட்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இப்படியொன்று நடந்துவிட்டதனால் உடனே சூம் வில்லையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாணவர் சிலர் முனைந்தனர். அதனை நாம் ஏற்கவில்லை. ஏற்பது எமக்கு வசதியாக இருந்திருக்கும். பழி கண்ணாடியின் மேற் போயிருக்கும். ஆயின் வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. 1936 இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த தொழிலாளரின் முகாமில், டொரத்தியா லாங் ஒரு தாயைப் படம்பிடித்தார். அவரிடம் சூம் வில்லை இருக்கவில்லை. படத்துக்குப் படம் அடியெடுத்து வைத்து அருகே சென்றார். உலகப் புகழ்பெற்ற அப்படம் பிறந்தது. அத்தனை அருகே சென்றும் அப்பெண்ணின் பெயரைத் தாம் கேட்கவில்லையென லாங் பின்னர் எழுதினார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அப்பெயரை உலகம் அறிந்தது 1978 இலேயே. அப்படத்தினால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லையென்றும், அதனை எடுக்காமலே விட்டிருக்கலாமென்றும் அவ்வம்மையார் அப்பொழுது கூறினார். அருகே நடந்து செல்வதனால் மட்டும் நியாயம் பிறந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. நியூயோர்க்கில் ஆசிரியராயிருந்த லூயிஸ் ஹைன், 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைசெய்த சிறுவரைப் பாரமான கமராவோடு சென்று படம்பிடித்தார். பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தம் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை அளவாகக் கொண்டு அவர்களின் உயரத்தையும் மதிப்பிட்டார். குழந்தைத் தொழிலுக்கெதிரான போராட்டத்தில் அப்படங்கள் சாட்சியமாயின. அவற்றை நம்பத்தகுந்தவையாக்கியதில் அவர் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்திற்கும் பங்குண்டு.

சூம் வில்லைக்குரிய இடத்தையும் கூறவேண்டும். 2018 ஆம் ஆண்டின் இறுதியில், ஆயிரம் ரூபா நாட்கூலி கேட்டு மலையகமெங்கும் தொழிலாளர் வீதியில் இறங்கியபொழுது நாமும் ஊர்வலத்தோடு நடந்தோம். நெருக்கத்தில் வில்லையை மாற்றக் கையும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு கணம் பதாகை தாங்கிய தாயின் முகம், மறுகணம் மலைச்சாலை வளைவெங்கும் நிறைந்த கூட்டம், அதற்கும் அப்பால் வழிமறித்து நின்ற பொலிசார். ஒரே வில்லையால் இவையனைத்தையும் எடுத்தோம். வலியவனைத் தூரத்திலிருந்து படம்பிடிப்பது ஒன்று. எளியவளைத் தூரத்திலிருந்து படம்பிடிப்பது வேறொன்று. முன்னதில் தூரம் எமக்குக் காப்பு. பின்னதில் அது எமக்குச் சலுகை. இந்த வேறுபாட்டை வில்லை அறியாது. அதனைப் பிடித்திருப்பவர் அறியவேண்டும்.

இறுதியில் வாக்கெடுப்பு நடந்தது. 28 மில்லிமீற்றர், 50 மில்லிமீற்றர் வில்லைகள் இரண்டை வாங்குவதெனவும், மூன்றாவதற்குரிய பணத்தில் பழைய சூம் வில்லையைக் கொழும்புக்கு அனுப்பிப் பூஞ்சணம் நீக்குவிப்பதெனவும் பதினாறு பேர் ஆதரித்தனர். ஊர்வலத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் சூம். வீட்டுக்குள்ளும் வேலைத்தலத்திலும் மற்றவை. இத்துடன் கமராப் பையில் ஒரு கொப்பியும் வைக்கப்பட்டது. படத்திலுள்ளவரின் பெயர், அவர் சம்மதம், அவருக்குப் பிரதி கொடுத்த திகதி ஆகியன அதில் எழுதப்படும். கடைசி நிரலின் தலைப்பு மாணவர் இட்டது: 'சட்டத்துக்கு வெளியே இருந்தவை'.

பரிசுப் பணத்தின் இன்றைய பெறுமதியைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு அத்தாயைக் காணச் சென்றோம். அவர் அதனை வாங்கவில்லை. மகளின் உயர்தரப் பரீட்சைக் காலத்தில் மாலை வகுப்புக்குப் பிந்தி வரும் பிள்ளைகளை லயம் வரை கொண்டுவந்து விடும்படி கேட்டார். பாதையில் விளக்கில்லை. அவ்வேற்பாட்டை இன்றுவரை செய்து வருகின்றோம். அப்படத்தை இனி எங்கும் காட்சிக்கு வைப்பதில்லையென்றும் கூறினோம். "வைங்க சேர். தராசு இருந்துச்சுன்னு கீழ எழுதி வைங்க" என்றார்.

அவ்வாறே எழுதி, எமது வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கின்றோம். பழைய தலைப்பை நீக்கிவிட்டோம். அதற்குப் பக்கத்தில் 28 மில்லிமீற்றர் வில்லையால் அவரது மகள் எடுத்த முதற் படம் இருக்கின்றது. பத்தடி அறை, ஒரு குண்டு பல்பு, அதன் கீழ்த் தரையிலிருந்து எழுதும் தம்பி, மூலையில் கொழுந்துப் பையைத் தைத்துக்கொண்டிருக்கும் தாய். பன்னிரண்டடிச் சுவர் முழுவதும் படத்தில் அடங்கியிருக்கின்றது. எழுதும் கை சற்றும் கலங்கவில்லை.